கூம்பு விழியும் தொடுவில்லையும்



பதினாறு அல்லது பதினேழு வயதுள்ள ஒரு மாணவனை மனக்கண் முன் நிறுத்திக்கொள்ளுங்கள். இரவிலே அவன் வீதிவிளக்கை நோக்குகிறான். விளக்கு விளக்காகத் தோன்றவில்லை. வால்வெள்ளிபோல ஒரு பக்கமாக ஒளி இழுபட்டுத் தோன்றுகின்றது. வானத்துப் பிறையை நோக்குகிறான். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நான்கு பிறைகள் தெரிகின்றன. கரும்பலகையில் 3 என்றும் 8 என்றும் எழுதியவை ஒன்றாய் மயங்குகின்றன. சென்ற ஆண்டு வாங்கிய மூக்குக்கண்ணாடி இவ்வாண்டு உதவவில்லை. புதிதாக வாங்கியதும் சில மாதங்களிலே பயனற்றுப் போயிற்று. "படிக்க மனமில்லை, கண்ணைச் சாட்டுகிறான்" என்று வீட்டிலே ஏசுகிறார்கள். அவனோ தெளிவு பிறக்குமென்று கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்க்கிறான். அக்கசக்குதலே அவனுடைய குறையை வளர்க்கக்கூடும் என்பதை அவனும் அறியான். அவனை ஏசுவோரும் அறியார்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்த மாணவனைப் பற்றியதே. அவனுடைய கண்ணிலுள்ள குறைக்கு மேனாட்டு வைத்தியர்கள் 'கெரற்றோகோனஸ்' என்று பெயரிட்டுள்ளனர். கிரேக்க மொழியிலே 'கெராஸ்' என்றால் கொம்பு. 'கோனொஸ்' என்றால் கூம்பு. நாம் அதனைக் கூம்பு விழி என்று சொல்லிக்கொள்வோம். இக்குறை உடையோர்க்குப் பார்வையைத் திருத்தித் தரும் தொடுவில்லைகள், அதாவது 'கொன்ராக்ற் லென்ஸ்' என்று வழங்குபவை, எத்தனை வகைப்படும்? எவ்வகை எவர்க்குப் பொருந்தும்? அவற்றால் ஆவது யாது? ஆகாதது யாது? இவற்றைச் சுருக்கமாக ஆராய்வோம்.

முதலிலே கண்ணின் அமைப்பைச் சிறிது நோக்க வேண்டும். கடிகாரத்தின் முகத்தை மூடியுள்ள கண்ணாடிபோல, கண்ணின் முகப்பை மூடியுள்ள ஒளிபுகும் படலம் ஒன்று உண்டு. அதனை விழிவெண்படலம் என்பர். அதற்கு நிறமில்லை, நாம் கருவிழி என்று காண்பது அதன் பின்னேயுள்ள கதிராளியின் நிறமும் கண்மணியின் கருமையுமேயாகும். படலத்தின் குறுக்களவு ஏறக்குறைய 12 மில்லிமீற்றர். நடுவிலே அதன் தடிப்பு அரை மில்லிமீற்றரிலும் சற்றே கூடியது. கண்ணினுள்ளே புகும் ஒளியை வளைத்து விழித்திரையிற் குவிக்கும் தொழிலிலே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினை இந்த மெல்லிய படலமே செய்கின்றது. இதனுள்ளே குருதிக்குழாய் ஒன்றேனும் இல்லை. ஆதலால், தனக்கு வேண்டிய ஒட்சிசனைப் பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்தே கண்ணீரின் வழியாக இது பெற்றுக்கொள்கின்றது. கண்ணுக்கும் மூச்சு உண்டு என்று சொன்னாற் பிழையாகாது. இந்த மூச்சு என்னும் செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தொடுவில்லையின் வரலாறு பெரும்பாலும் இந்த மூச்சின் வரலாறாகவே இருக்கக் காண்போம்.

நலமுள்ள கண்ணிலே இப்படலம் ஏறத்தாழ ஒரு கோளத்தின் துண்டுபோல ஒழுங்காக வளைந்திருக்கும். கூம்பு விழியிலோ அதன் நடுப்பகுதியோ, நடுவுக்குச் சற்றுக் கீழான பகுதியோ மெலிந்து வலியிழந்து கூம்புபோல முன்னே பிதுங்குகின்றது. அதனால் மேற்பரப்பு ஒழுங்கு கெடுகின்றது. அசையாத கேணி நீரிலே நிலவின் உருவம் ஒன்றாய்த் தெரியும். காற்றடித்து நீர் நெளியும்போது அதே நிலவு பலவாய்ச் சிதறும். கூம்பு விழியுடையோன் உலகத்தை நெளிந்த நீரினூடே காண்கிறான் எனலாம். மூக்குக்கண்ணாடி ஒழுங்கான வளைவுடையது. ஆதலால் ஒழுங்கான குறையையே அது ஈடுசெய்யும். நோயின் தொடக்கத்திலே அது உதவும். ஒழுங்கின்மை மிகும்போது எத்தனை கண்ணாடி மாற்றினாலும் தெளிவு பிறவாமைக்குக் காரணம் இதுவே.

இக்குறையை முதன்முதலிலே விரிவாக ஆராய்ந்து நூலெழுதியவர் இங்கிலாந்திலே லிவர்பூல் நகரிலிருந்த யோன் நொற்றிங்காம் என்னும் வைத்தியர். அந்நூல் வெளிவந்தது 1854 ஆம் ஆண்டிலே. இது மிக அரிய நோய் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. படலத்தின் மேடு பள்ளங்களை நிலப்படம்போல வரைந்து காட்டும் கருவிகள் வந்தபின், எண்ணியதிலும் பரவலானது என்பது தெளிவாயிற்று. ஒல்லாந்திலே செய்து 2017 இல் வெளியிட்ட ஆய்வொன்று 375 பேருக்கு ஒருவர் என்று கணக்கிட்டது. பெரும்பாலும் இளமைப் பருவத்திலே தொடங்கிப் பத்து இருபது ஆண்டுகள் வளர்ந்து, முப்பது நாற்பது வயதளவிலே அடங்குவது இதன் இயல்பு. இரு கண்களையும் பற்றும். ஆயின் இரண்டிலும் ஒரே அளவாக இராது. பரம்பரையும் ஒரு காரணம். ஒவ்வாமையாற் கண் கடிப்பதும், அதனாற் கண்ணை ஓயாது கசக்குவதும் இதனோடு நெருங்கிய தொடர்புடையவை. சிறுவயதிலேயே பிடிபடும் நோய் விரைந்து வளரக்கூடியது என்பதையும் பெற்றோர் மனத்திற் கொள்ள வேண்டும்.

இனித் தொடுவில்லை எவ்வாறு உதவுகின்றது என்று பார்ப்போம். 1801 ஆம் ஆண்டிலே தோமஸ் யங் என்னும் ஆங்கில அறிஞர் ஒரு சிறு குழாயின் முனையிலே வில்லையைப் பொருத்தி, அதிலே நீரை நிரப்பித் தம் கண்ணோடு ஒட்டவைத்துப் பார்த்தார். நீர் படலத்தைத் தொட்டவுடன் படலத்தின் ஒளிவளைக்கும் ஆற்றல் ஏறக்குறைய இல்லாதொழிந்தது. காரணம் எளிது. ஒளி, தன்மையால் வேறுபட்ட இரு பொருள்களின் எல்லையிலேயே வளையும். காற்றுக்கும் படலத்துக்கும் வேற்றுமை மிகுதி. நீருக்கும் படலத்துக்கும் வேற்றுமை சிறிது. எனவே, கரடுமுரடான படலத்தின் முன்னே ஒழுங்கான ஒரு வில்லையை வைத்து, இடைவெளியைக் கண்ணீராலே நிரப்பிவிட்டால், ஒளி முதலிற் சந்திப்பது அவ்வில்லையின் ஒழுங்கான முகத்தையே. பின்னேயுள்ள மேடு பள்ளங்களைக் கண்ணீர் நிரவிவிடுகின்றது. குழியும் மேடுமான நிலத்திலே வெள்ளம் நின்றால் மேற்பரப்பு சமமாகக் காணப்படுவதுபோல என்க. கண்ணீரின் முறிவுச் சுட்டி 1.336, படலத்தினுடையது 1.376. இவ்வெண்களைக்கொண்டு கணக்கிட்டால் முன்பரப்பின் ஒழுங்கின்மையிற் பத்தில் ஒன்பது பங்கு அளவில் மறைந்துவிடும். படலத்தின் பின்பரப்பிலும் கோணல் உண்டு. அதனை முன்னே வைக்கும் வில்லை முழுவதும் நீக்காது. அதனாலேயே மிகச் சிறந்த வில்லையை அணிந்த பின்னும் சிலர்க்குச் சிறிதளவு நிழலுருவம் எஞ்சி நிற்கின்றது.

இந்தக் கருத்தைச் செயலாக்கிய ஆண்டு 1888. சுவிற்சலாந்திலே சூரிச் நகரிலிருந்த அடோல்ப் பிக் என்னும் யேர்மன் வைத்தியர் ஊதிய கண்ணாடியாலே ஓர் ஓடு செய்வித்து, முதலில் முயல்களின் கண்ணிலும், பின்னர்த் தம் கண்ணிலும், அதன்பின் நோயாளர் கண்ணிலும் வைத்துப் பார்த்தார். ஓட்டினுள்ளே திராட்சைச் சர்க்கரைக் கரைசலை நிரப்பினார். அதே ஆண்டிலே பாரிஸ் நகரிலே இயூஜின் கால்ற் என்னும் வைத்தியர், பிதுங்கிய படலத்தை அழுத்திப் பிடித்துப் பார்வையைத் திருத்தலாம் என்று கருதிக் கூம்பு விழியுடையோர்க்கே கண்ணாடி ஓடுகளை அணிவித்தார். அழகுக்கும் வசதிக்குமாக இன்று கோடிக் கணக்கானோர் அணியும் தொடுவில்லையின் பிறப்பிலே இந்நோய்க்கு உரிய பங்கு இத்தகையது. மூக்குக்கண்ணாடி கைவிட்ட நோயாளரின் பொருட்டே அது உருவாயிற்று.

ஆயினும் அந்த ஓடுகளை அணிதல் எளிதன்று. யேர்மனியிலே கீல் நகரிலே ஓகஸ்ற் முல்லர் என்னும் மாணவர், மிகுந்த குறும்பார்வை உடையவர், 1889 இலே தமக்கென ஓடு செய்வித்து அணிந்தார். நோவு தாங்காமற் கொக்கேயின் மருந்திட்டும் அரை மணி நேரத்துக்குமேல் அவராற் பொறுக்க இயலவில்லை. கண்ணாடி ஓடு கண்ணை முழுவதும் மூடிற்று, காற்று உட்புகவில்லை, படலம் மூச்சுத் திணறி வீங்கி மங்கிற்று. 1929 அளவிலே ஹங்கேரி நாட்டு யோசப் டலோஸ் உயிருள்ள கண்ணிலிருந்தே அச்செடுத்து அதற்கேற்ப ஓடு செய்யும் முறையைக் கண்டார். பொருத்தம் திருந்திற்று, மூச்சு மட்டும் திருந்தவில்லை. 1930 களின் பிற்பகுதியிலே கண்ணாடிக்குப் பதிலாகப் பாரங்குறைந்த பிளாஸ்டிக் வந்தது. 1948 இலே அமெரிக்காவிலே கெவின் ரூகி என்பவர் வெண்விழியைத் தொடாது விழிவெண்படலத்தின்மீது மட்டும் மிதக்கும் சிறு வில்லையைச் செய்தார். இமை கொட்டுந்தோறும் வில்லை சிறிது அசைய, புதுக் கண்ணீர் ஒட்சிசனைச் சுமந்து அடியிற் புகுந்தது. 1970 களிலே சிலிக்கன் சேர்ந்த புதுப் பிளாஸ்டிக்குகள் தோன்றின. வில்லை கண்ணாடிபோலத் தெளிவாகவும் உறுதியாகவும் இருக்க, ஒட்சிசன் அதனூடே ஊடுருவிச் செல்லலாயிற்று. இவையே வாயு புகவிடும் உறுதிவில்லைகள். கூம்பு விழிக்கு இன்றுவரை முதுகெலும்பாய் நிற்பவை இவையேயாகும்.

இனி இன்றுள்ள வகைகளை ஒவ்வொன்றாய் நோக்குவோம்.

முதலாவது மென்வில்லை. பிராக் நகரத்து வேதியியல் அறிஞர் ஒற்றோ விக்ரர்லே 1961 ஆம் ஆண்டு நத்தார்க் காலத்திலே, தம் வீட்டிலே, பிள்ளைகள் விளையாடும் உலோகக் கட்டுமானத் துண்டுகளையும் மிதிவண்டி டைனமோவையும் கொண்டு பொறியொன்று அமைத்து, நீரை உறிஞ்சும் மென்பிளாஸ்டிக்கிலே வில்லை வார்த்தார். அணிவதற்கு அதனைப்போல் இதமானது வேறில்லை. ஆயினும் கூம்பு விழிக்கு ஒரு குறை உண்டு. மென்வில்லை ஈரத்துணிபோலப் படலத்தின்மேற் படிந்து, அதன் கோணலைத் தானும் ஏற்றுக்கொள்கின்றது. ஆதலால் தொடக்கநிலையிலே, கோணல் சிறிதாக உள்ளவர்க்கே சாதாரண மென்வில்லை பயன்படும். தடிப்பைக் கூட்டிக் கூம்பு விழிக்கென்றே செய்யும் மென்வில்லைகளும் உள்ளன. தடிப்புக் கூடுந்தோறும் ஒட்சிசன் செல்வது குறையுமாதலால் அவற்றை அணிவோர் தவறாது பரிசோதனைக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாவது, முன் சொன்ன சிறிய உறுதிவில்லை. குறுக்களவு ஏறக்குறைய 9 அல்லது 10 மில்லிமீற்றர். கூம்பு விழியின் செங்குத்தான நடுவுக்கும் சமமான ஓரத்துக்கும் ஒருங்கே பொருந்துமாறு இதன் உட்புறம் பல வளைவுகளோடு கடையப்படுகின்றது. நியூசிலாந்திலே போல் ரோஸ் என்பவர் 1980 களின் பிற்பகுதியிலே ஆக்கிய வடிவம் இவ்வகையிலே உலகெங்கும் பெயர்பெற்றது. வில்லையின் பொருத்தத்தைச் சோதிக்கும் முறை காணத்தக்கது. கண்ணீரிலே செம்மஞ்சட் சாயம் ஒன்றைச் சிறிது கலந்து நீல ஒளியிலே பார்த்தால், கண்ணீர் நிற்குமிடம் பச்சையாய் ஒளிரும்; வில்லை படலத்தைத் தொடுமிடம் கருமையாய்த் தெரியும். கூம்பின் உச்சியை வில்லை மென்மையாகத் தீண்டியும், பாரத்தை இரு பக்கங்களோடு பகிர்ந்தும் இருத்தல் வேண்டும். உச்சியின்மேலே வில்லை அழுத்தமாக அமர்ந்தால் பார்வை தெளிவாகவே இருக்கும். ஆனால் நாளடைவில் உராய்வினாலே தழும்பு உண்டாகக்கூடும். கால்ற் கருதியதுபோல அழுத்திப் பிடித்து நோயைத் தடுக்கலாம் என்னும் எண்ணம் இன்று கைவிடப்பட்டது. நன்றாகத் தெரிகின்றது என்பதொன்றே நல்ல வில்லைக்கு அடையாளமன்று. படலத்தை வருத்தாதிருப்பதும் அடையாளமாகும்.

மூன்றாவது, இரட்டை வில்லை முறை. உறுதிவில்லை உறுத்துகின்றது, தூசி புகுந்து வருத்துகின்றது என்போர்க்கு, அடியிலே ஒரு மென்வில்லையை மெத்தைபோல இட்டு அதன்மேல் உறுதிவில்லையை வைப்பர். இதமும் தெளிவும் ஒருங்கே கிடைக்கும். ஆனால் இரு வில்லைகளையும் தாண்டி ஒட்சிசன் செல்ல வேண்டும். பேணுவதற்கும் இரண்டு உண்டு. நான்காவது, கலப்பு வில்லை. நடுவிலே உறுதியும் சுற்றிலே மென்மையுமாக ஒரே வில்லையாய்ச் செய்யப்படுவது. கூம்பு நடுவிலே உள்ளவர்க்கு இது பெரிதும் பொருந்தும். இரண்டும் சேருமிடத்திலே பிளவு ஏற்படாதவாறு கவனமாகக் கையாளுதல் வேண்டும்.

ஐந்தாவது, வெண்விழி வில்லை. நேயர்களே, இது பழையது புதிதாய்த் திரும்பிய கதை. பிக் கண்ட அதே வழியிலே, படலத்தைத் தொடாமல் அதன்மேல் ஒரு வளைந்த கூரைபோல நின்று, நோவுணர்ச்சி குறைந்த வெண்விழியின்மேல் தன் பாரத்தை வைக்கின்றது. அன்று தடையாயிருந்தது மூச்சு. அவுஸ்திரேலியாவிலே பேர்த் நகரத்து டொன் எசெக்கியேல் 1983 இலே வாயு புகவிடும் பொருளாலே இவ்வகை வில்லை செய்தமையைத் தெரிவித்தபின் அத்தடை தளர்ந்தது. குறுக்களவு பொதுவாக 15 முதல் 20 மில்லிமீற்றர் வரை, சில வேளைகளில் அதற்கு மேலும் இருக்கும். பார்த்தவுடன் இவ்வளவு பெரியதா என்று அச்சம் தோன்றும். அணிந்தபின் சிறியதைவிட இதுவே இதமானது என்று பலர் சொல்வர். இமைக்கு அடியிலே ஓரம் மறைந்திருப்பதனால் உறுத்தல் குறைவு. தூசி புகுவதும் எளிதில் கழன்று விழுவதும் அரிது.

இதனை அணியும் முறை வேறு. கிண்ணம்போல் ஏந்திய வில்லையினுள்ளே பாதுகாப்பு மருந்து கலவாத தூய உப்புநீரைத் ததும்ப நிரப்பி, முகத்தை நிலத்தை நோக்கிக் குனிந்து, குமிழி புகாமற் கண்ணோடு சேர்க்க வேண்டும். கழற்றுவதற்குச் சிறிய இறப்பர் உறிஞ்சியைப் பயன்படுத்துவர். சிலர்க்கு நடுப்பகலளவிலே உள்நீர் கலங்கிப் பார்வை புகைபோல் மங்கும்; கழற்றிக் கழுவிப் புதுநீர் நிரப்பினால் தெளியும். நோய் முற்றியவர்க்கும், கண் வறட்சி உடையவர்க்கும், சிறிய வில்லை நில்லாதவர்க்கும் இது பெருந்துணை. முன்னே அறுவைச் சிகிச்சை ஒன்றே வழி என்று கருதப்பட்ட பலர் இன்று இவ்வில்லையின் துணையோடு தம் தொழிலைச் செய்து வருகின்றனர். விலை கூடியது என்பதும் பொருத்துவதற்குப் பயின்ற கை வேண்டும் என்பதுமே இதன் குறைகள்.

இத்துணையும் கேட்ட நேயர் ஒருவர், "அப்படியானால் வில்லையை வாங்கி அணிந்தால் நோய் தீர்ந்ததன்றோ?" என்று வினவலாம். அங்கேதான் பலரும் ஏமாந்துபோகின்றனர். தொடுவில்லை பார்வையைத் திருத்தும், நோயைத் தடுக்காது. வில்லையின் முகத்திலே தெளிவு இருக்க, அதன் பின்னே படலம் மேலும் மெலிந்துகொண்டே போகலாம். ஆகவே, வில்லை ஒரு கையிலும் கண்காணிப்பு மறு கையிலுமாக இருத்தல் வேண்டும். நோய் வளர்கின்றது என்று கண்டால், அதனை நிறுத்துவதற்கு ஒரு சிகிச்சை உண்டு. யேர்மனியிலே டிரெஸ்டன் நகரத்து வைத்தியர்கள் உருவாக்கி, 2003 இலே அதன் பயனை வெளியிட்டனர். ரைபோபிளேவின் என்னும் உயிர்ச்சத்தைத் துளிகளாகப் படலத்தில் ஊறவைத்து, ஊதாக்கடந்த கதிரை அளவாகப் பாய்ச்சுகின்றனர். அதனாற் படலத்தின் நார்களிடையே புதுப் பிணைப்புகள் உண்டாகிப் படலம் உறுதியடைகின்றது. அமெரிக்க அரசு 2016 இலே இதற்கு இசைவளித்தது. இச்சிகிச்சை நோயை நிறுத்துவதற்கே. இழந்த தெளிவை முழுவதும் மீட்டுத்தருவதன்று. எனவே சிகிச்சையின் பின்னும் பலர்க்கு வில்லை வேண்டும். ஒன்று வேலியைக் கட்டுகின்றது. மற்றது விளக்கை ஏற்றுகின்றது. இரண்டையும் ஒன்றென மயங்குதல் கூடாது.

நடுவிலே தழும்பு ஏற்பட்டவர்க்கும், எவ்வகை வில்லையும் உதவாதவர்க்கும், இறந்தோர் ஈந்த படலத்தை மாற்றி வைக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு. இவ்விடத்திலே நம் நாடு பெருமை கொள்ளலாம். ஹட்சன் சில்வா என்னும் வைத்தியர் 1961 இலே தொடக்கிய இலங்கைக் கண் தானச் சங்கம், 1964 இலே சிங்கப்பூருக்குக் கண் அனுப்பியது முதலாகப் பல நாட்டவர்க்குப் பார்வையளித்து வருகின்றது. பிற நாட்டிலே யாரோ ஒருவர் நம் நாட்டவர் ஒருவரின் கண்ணாலே உலகைக் காண்கின்றார். ஆயினும் மாற்றி வைத்த படலத்திலும் சிறிது கோணல் எஞ்சுவது வழக்கம். அதன்பின்னும் உறுதிவில்லையோ வெண்விழி வில்லையோ தேவைப்படுவோர் பலர். எனவே தொடுவில்லையை அறுவைச் சிகிச்சைக்கு எதிரியாகக் கொள்ளாது, முன்னும் பின்னும் வரும் தோழனாகக் கொள்ளுதல் தகும்.

எந்த வில்லையைத் தெரிவது? இதற்கு ஒரே விடை இல்லை. மூக்குக்கண்ணாடி உதவும் வரையிலே அதுவே போதும். அது உதவாதபோது, கூம்பின் இடமும் உயரமும், படலத்தின் தடிப்பும், கண்ணீரின் அளவும், செய்யும் தொழிலும் ஆராய்ந்தே வில்லை தெரியப்படும். வெயிலிலும் புழுதியிலும் வேலை செய்வோர்க்கு ஏற்றது வேறு. அறையிலிருந்து எழுதுவோர்க்கு ஏற்றது வேறு. ஒருவருடைய வலக்கண்ணுக்கு ஒரு வகையும் இடக்கண்ணுக்கு மற்றொரு வகையும் பொருந்துதல் உண்டு. முதல் வில்லையே பொருந்திவிடும் என்று எதிர்பார்த்தலும் கூடாது. பலமுறை சென்று திருத்த வேண்டியிருக்கும். உறுதிவில்லை அணிவோர் முதல் நாளிலே சில மணி நேரமும் பின்னர்ச் சிறிது சிறிதாகக் கூட்டியும் பழக வேண்டும். மனந்தளர்ந்து முதல் வாரத்திலேயே பெட்டியில் இட்டு மூடிவிடுவோர் பலர். அவர்கள் வைத்தியரிடம் திரும்பிச் சென்று, "இது உறுத்துகின்றது, வேறு வழி உண்டோ?" என்று கேட்கத் தயங்கக்கூடாது. வழிகள் ஐந்து உண்டென்று இப்போது அறிந்தோமல்லவா? இன்னுமொன்று: படலத்தை அளந்து படமெடுக்கச் செல்லும்போது வைத்தியர் சொல்லும் காலத்துக்கு முன்னரே வில்லையைக் கழற்றிவிட வேண்டும். உறுதிவில்லை படலத்தின் உருவைத் தற்காலிகமாக மாற்றுமாதலால், கழற்றாது சென்றால் அளவு பொய்யாகும்.

தூய்மையைப் பற்றி ஒரு சொல். வில்லையைத் தொடுமுன் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி நன்கு துடைத்து உலர்த்துக. கிணற்று நீரோ, குழாய் நீரோ, எச்சிலோ வில்லையிற் படலாகாது. கண்ணுக்கு எவ்வளவு தெளிந்த நீராயினும் அதிலே 'அக்கந்தமீபா' என்னும் நுண்ணுயிர் இருக்கக்கூடும். அது கண்ணிலே புகுந்தால் கடுநோவையும் பார்வையிழப்பையும் உண்டாக்கும். வில்லையோடு நீந்துவதும் முழுகுவதும் உறங்குவதும் தவிர்க்கத்தக்கன. பழைய மருந்துநீரின்மேற் புதியதை ஊற்றாமல் நாள்தோறும் மாற்றுக. வில்லைப் பெட்டியையும் காலத்துக்குக் காலம் மாற்றுக. கண் சிவந்தாலோ, நொந்தாலோ, ஒளியைக் கண்டு கூசினாலோ, வில்லையை உடனே கழற்றிக் கண் வைத்தியரை நாடுக. படலத்தின் உட்படை கிழிந்து நீர் புகுவதனாற் சில வேளைகளிலே திடீரென்று கண் வெண்மையாய் மங்கும். அதற்கும் வைத்தியரிடமே மருந்துண்டு, வீட்டிலே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணைக் கசக்காதிருங்கள். கண் கடித்தால் ஒவ்வாமைக்கு மருந்து கேளுங்கள். குளிர்ந்த ஈரத்துணியை மெல்ல வையுங்கள்.

மீண்டும் நம் மாணவனிடம் வருவோம். அவனுக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, அவன் சொல்வதை மெய்யென்று நம்பும் வீட்டார். மற்றொன்று, காலந்தாழ்த்தாத பரிசோதனை. ஆண்டுதோறும் கண்ணாடி மாறுகின்றது, மாறியும் தெளிவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், கண்ணாடிக்கடையோடு நின்றுவிடாது கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். விழிவெண்படலத்தைப் படமெடுத்துப் பார்க்க இயலுமா என்று கேளுங்கள். கூம்பு விழி முழுக்குருடு ஆக்கும் நோயன்று. ஆனால் கவனியாது விட்டால் படிப்பையும் தொழிலையும் பறித்துவிடக்கூடியது. தக்க காலத்திலே வேலியும் தக்க வில்லையும் கிடைக்குமாயின், நான்காய்ச் சிதறிய பிறை ஒன்றாய்க் கூடும். அன்றிரவு அம்மாணவன் முற்றத்திலே நின்று வானத்தை நோக்கும்போது, அது அவனுக்கு முதன்முறையாக ஒரே பிறையாய்த் தோன்றக்கூடும்.